கழிவு

நாற்பத்திரண்டு கேள்விகளோடு
களிமண்குண்டில் இறங்கினேன்.
நீர் வத்தம் முடிந்து
முள்ளித்தீவுப் பக்கமிருந்து
பெண்கள் திரும்பும் நேரம்.
வள்ளத்தில் பச்சையும் பழுப்புமாய்ச் சாக்குகள்,
சாக்குகளின் மேல் அவர்கள்,
விரல்களில் கிழித்துச் சுற்றிய சேலைத்துணி.

மாத வருமானம், கூரையின் வகை,
கழிப்பறை உண்டா இல்லையா, கடன்.
பதினேழாவது கேள்வியில் நம்புவள்ளி
விரல்துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:
"ஒனக்கு முன்னாடி நாலு பேரு வந்தாங்க.
எங்கூரைய நாலு பேரும் எழுதிக்கிட்டுப் போனாங்க.
இப்பவும் ஒழுகுது."

முத்துராக்கு சிரித்தாள்.
நான் பேனாவை மூடினேன்.

"எங்கிட்டயும் ஒரு கேள்வி இருக்கு, எழுதுவியா?
மரிக்கொழுந்துப் பாசிய மூணு நாள் காயவெச்சு
நூறு கிலோ கொண்டுபோனா
தண்ணி, மண்ணுன்னு
முப்பது கிலோ கழிக்கிறாரு தரகர்.
சித்திரை வெயில்லயும் முப்பது.
ஐப்பசி அடைமழையிலயும் முப்பது.
நெசத்துக்கு எவ்வளவுன்னு
ஒங்க காலேசுல அளக்க முடியுமா, முடியாதா?"

என் நாற்பத்திரண்டில் அது இல்லை.

பன்னிரண்டு பைகளை மடியில் வைத்துப்
பேருந்தில் வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைப் பொத்தியபடி
பரமக்குடியில் எழுந்து பின்னால் போனார்.
ஆய்வகத்து உலர் அடுப்பில்
நூற்றைந்து பாகை, ஓர் இரவு முழுக்க.
காலையில் எடை பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.
தண்ணீர் பதினொன்று.
மண் மூன்று.
நூற்றுக்குப் பதினாலு.

மிச்சப் பதினாறு எங்கே போகிறது என்பதை
எந்த அடுப்பும் காட்டாது.

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"வாழ்வாதாரம்தானே உன் தலைப்பு? இது வேதியியல்."
இதுதான் சார் வாழ்வாதாரம்.
"துறை முத்திரை வேறு வேண்டுமா?
ஊர்ச் சண்டைக்கா?"
பதினொரு நாள் அந்தத் தாள்
அவர் மேசையில் கிடந்தது,
அதன்மேல் தேநீர்க் கோப்பையின் வட்டம்.
பன்னிரண்டாம் நாள் கையெழுத்திட்டார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவர் அப்பா தொண்டியில்
கருவாட்டு மண்டியில் கணக்கெழுதியவர் என்று
வெகுநாள் கழித்து யாரோ சொன்னார்கள்.

தாளைத் தமிழில் எழுதியிருந்தேன்.
நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை.
நம்புவள்ளியே வாசித்தாள், உரக்க,
எழுத்துக் கூட்டி, ஒரு எண்ணையும் விடாமல்.
பதினாறில் நிறுத்தினாள்.
முத்துராக்கு சொன்னாள்:
"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு
கல்யாணத்துல சொல்லுவாங்களே,
அது தரகர் வீட்டுக்கு மட்டும் பலிச்சிருக்கு."

தரகர் கெட்டவர் இல்லை.
எனக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கித் தந்தார்.
"காகிதம் நல்லாருக்கும்மா.
கம்பெனிக்காரன் எங்கிட்ட கழிக்கிறானே,
அதுக்கு யாரு காகிதம் தருவா?"
"அங்கயும் அளந்துருவோமா?"
நம்புவள்ளி கேட்டது அவரையா என்னையா
தெரியவில்லை.

அன்று நாற்பது பெண்கள்
சாக்கை இறக்கவில்லை.
மறுநாளும் இறக்கவில்லை.
அந்த இரண்டு நாளில்
எந்தெந்த வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று
நான் அளக்கவில்லை.
மூன்றாம் நாள் சாயங்காலம்
கழிவு இருபதில் நின்றது.

பதினாலில் அல்ல.

ஆய்வேட்டில் முதலில்
'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'இருபது' என்று எழுதினேன்.
கேள்வி யாருடையது என்று ஒரு பத்தி எழுதி
அவள் பெயரை முகப்பில் என் பெயருக்கு முன்னால் போட்டேன்.
விதியில் இடமில்லை என்று திரும்பி வந்தது.
நன்றியுரையில் போடலாமாம்.
மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

இப்போது நம்புவள்ளியிடம்
ஒரு வறுசட்டி இருக்கிறது, பாசிக்கென்றே.
நகைக்கடைத் தராசு போலச் சின்னதாய் ஒரு தராசு,
நாற்பது பேரும் பணம் போட்டு வாங்கியது.
நீள நோட்டு ஒன்று.
விடியுமுன் கைபேசி அடிக்கும்,
பின்னணியில் வள்ளத்தை இழுக்கும் சத்தம்.
"நேத்து பன்னெண்டுதான் வந்துச்சு.
நல்ல கச்சான் காத்து.
எழுதிக்கோ."

எழுதிக்கொள்கிறேன்.